வலசை வழியின் இடைப்பகுதி: கரைப்பறவைகளும் வானொலி அலைபரப்பியும்

ஒரு நாட்டின் இயற்கைச் செல்வங்களுள் காடு, கனிமம், நிலத்தடி நீர் ஆகியவை பெரும்பாலும் அந்நாட்டின் எல்லைக்குள்ளேயே அமைபவை. அவற்றைக் கணக்கிடவும் காக்கவும் திட்டமிடுவது அந்நாட்டின் கையில் இருக்கிறது. வலசை போகும் பறவைகளின் நிலை வேறு. அவை ஆண்டில் சில மாதங்கள் ஒரு நாட்டிலும், சில வாரங்கள் மற்றொரு நாட்டிலும், எஞ்சிய காலம் மூன்றாவது நாட்டிலும் வாழ்கின்றன. எந்த நாடும் அவற்றைத் தனக்கே உரியவை என்று சொல்ல இயலாது. ஆனால் எந்த ஒரு நாட்டின் கவனக்குறைவாலும் அவை அழியக்கூடும்.

இப்பறவைகளுள் கரைப்பறவைகள் தனியே ஆராயத்தக்கவை. உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன், கோட்டான் முதலிய இனங்கள் இப்பிரிவில் அடங்கும். சேற்று நிலங்களிலும் கழிமுகங்களிலும் ஆழமற்ற நீரிலும் புழு, நத்தை, சிறு நண்டு ஆகியவற்றைத் தேடி உண்பவை இவை. இவற்றுள் பல ஆர்க்டிக் வட்டாரத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்க இந்தியக் கரைகளுக்கு வருகின்றன. ஆகஸ்டு மாதம் முதல் வந்து சேரும் இவை மார்ச் முதல் மே வரையிலான காலத்தில் மீண்டும் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றன. இந்த இளவேனில் பயணத்தை ஆராய்வதில் வானொலி அலைபரப்பிகள் எவ்வாறு துணை செய்கின்றன என்பதும், அந்த அறிவு பொதுத் திட்டங்களுக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

கோடியக்கரை எழுப்பும் கேள்வி

தமிழ்நாட்டில் கரைப்பறவைகளின் தலையாய தங்குமிடம் நாகப்பட்டினம் மாவட்டத்திலுள்ள கோடியக்கரையாகும். 1967-ஆம் ஆண்டு இங்கு வனவிலங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது. வேதாரண்யம் சதுப்பு நிலப்பகுதியையும் உள்ளடக்கிய 38,500 ஹெக்டேர் பரப்பு 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைகளும், கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான் போன்ற சிறு கரைப்பறவைகளும் இங்கே பெருந்திரளாகக் கூடுவது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி.

1980-களில் லட்சக்கணக்கில் காணப்பட்ட இச்சிறு கரைப்பறவைகளின் எண்ணிக்கை பின்னர் வந்த ஆண்டுகளில் பெரிதும் குறைந்துவிட்டதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வுகள் காட்டின. சதுப்பு நிலத்திற்கு வரும் நன்னீர் குறைந்தமை, நீரின் உப்புத்தன்மை மாறியமை, உப்பளங்கள் விரிந்தமை ஆகியவை காரணங்களாகச் சுட்டப்பட்டன. இவை மெய்யான காரணங்களே. ஆயினும் இவை மட்டும்தான் காரணங்களா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

கோடியக்கரை காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியை ஒட்டியது. கடைமடை வயலில் பயிர் வாடினால், அந்த வயலை மட்டும் பார்த்து வேளாண்மை அலுவலர் முடிவுக்கு வருவதில்லை. தலைமதகில் நீர் திறக்கப்பட்டதா, இடையே கரை உடைந்ததா, கிளை வாய்க்கால் தூர்ந்துபோயிற்றா என்று வழி நெடுகப் பார்த்த பின்னரே குறை எங்கே என்று கூறுவார். பறவைகளின் வலசை வழிக்கும் இதே முறை பொருந்தும். கோடியக்கரையில் பறவை குறைந்தால் குறை கோடியக்கரையிலும் இருக்கலாம். சைபீரியாவிலுள்ள கூடுகட்டும் நிலத்திலும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையே அவை இளைப்பாறி இரை தேடும் ஏதோ ஓர் ஏரிக்கரையிலும் இருக்கலாம். எண்ணிக்கை மட்டும் இதைப் பிரித்துக் காட்டாது.

வளையம் சொல்வதும் சொல்லாததும்

பறவையின் காலில் எண் பொறித்த உலோக வளையத்தை மாட்டி விடுவது வலசையை அறியும் பழைய முறை. 1883-இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927-இல் இந்தியாவில் இப்பணியைத் தொடங்கியது. இப்பணி பெருமளவில் விரிவடைந்ததற்குப் பொதுச் சுகாதாரமே காரணமாயிற்று. 1957-இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர்க் காட்டுக் காய்ச்சல் தோன்றியது. உண்ணிகளால் பரவும் இந்நோயின் கிருமி ரஷ்யாவில் அறியப்பட்ட ஒரு மூளைக்காய்ச்சல் கிருமியை ஒத்திருந்தது. எனவே வலசைப் பறவைகள் அதைச் சுமந்து வந்திருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தது. 1959-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் டாக்டர் சாலிம் அலியின் தலைமையில் பறவை வலசை ஆய்வு தொடங்கியது. நோயைப் பறவைகள் கொண்டுவந்தன என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் நாட்டின் பல பகுதிகளில் வளையமிடும் பணி வேரூன்றியது. கோடியக்கரை அதன் முக்கிய மையங்களுள் ஒன்றாயிற்று.

வளையத்தில் எண்ணுடன் பம்பாய்க் கழகத்திற்குத் தெரிவிக்குமாறு வேண்டும் சிறு வாசகமும் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். எங்கோ ஒரு வேட்டைக்காரரோ மற்றோர் ஆய்வாளரோ அதைக் கண்டு தெரிவித்தால் ஒரு செய்தி கிடைக்கும். இவ்வாறுதான் இந்தியாவில் வளையமிடப்பட்ட கரைப்பறவைகள் சைபீரியா வரை செல்வது உறுதிப்பட்டது.

இம்முறையின் பயன் பெரிது, செலவு குறைவு. ஆனால் அதற்கு மூன்று வரம்புகள் உண்டு. முதலாவது, சிறு கரைப்பறவைகளில் வளையமிட்ட நூறு பறவைகளுள் ஒன்றைப் பற்றிக்கூட வெளிநாட்டிலிருந்து செய்தி வருவது அரிது. இரண்டாவது, மனிதர் வாழும் இடத்திலிருந்தே செய்தி வரும். ஆளரவமற்ற உப்பு ஏரியிலிருந்து வராது. மூன்றாவது, புறப்பட்ட இடமும் கண்ட இடமும் தெரியுமேயன்றி, இரண்டுக்கும் இடைப்பட்ட வழி தெரியாது. இந்த மூன்றாவது வரம்பே நம் கேள்விக்கு முக்கியமானது.

அலைபரப்பி செயல்படும் விதம்

1960-களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வில்லியம் காக்ரன் முதலியோர் பறவைகள் சுமக்கக்கூடிய சிறு வானொலி அலைபரப்பிகளைச் செய்து பயன்படுத்தினர். மின்கலம், அலையை உண்டாக்கும் சிறு மின்சுற்று, மெல்லிய கம்பியாலான அலைக்கம்பி ஆகிய மூன்றும் சேர்ந்ததே அலைபரப்பி. அது சில நொடிகளுக்கு ஒருமுறை குறுகிய துடிப்பை வெளிவிடும். ஆய்வாளர் கையிலுள்ள ஏற்பியும் திசையறியும் அலைக்கம்பியும் அத்துடிப்பைக் கேட்டு, எத்திசையில் அது வலுவாக ஒலிக்கிறது என்று காட்டும். ஒவ்வொரு பறவைக்கும் தனி அலைவரிசையோ தனிக் குறியீடோ இருப்பதால் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறியலாம். சிறு உள்ளான்களுக்கு முதுகில் சிறிதளவு இறகைக் கத்தரித்துப் பசையால் ஒட்டுவர்; இறகு உதிரும்போது கருவியும் உதிர்ந்துவிடும்.

இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. ஆதலால் பூமியின் வளைவும் குறுக்கே நிற்கும் மலையும் அவற்றைத் தடுக்கும். ஏற்பியின் உயரம் கூடக் கூடப் பார்வை எல்லையும் கூடும். தரையில் நிற்பவருக்கு அடிவானம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். ஒன்பது மீட்டர் உயரக் கோபுரத்தில் அது 11 கிலோமீட்டராகும். தேனி மாவட்டமும் கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் சந்திக்கும் போடிமெட்டை எடுத்துக்கொள்வோம். கிழக்கே உள்ள சமவெளியைவிட ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்ந்த அவ்விடத்திலிருந்து கணக்கிட்டால் அடிவானம் 110 கிலோமீட்டருக்கும் அப்பால் அமையும். ஆனால் மேற்கே மலைமுகடுகள் குறுக்கிடுவதால் அத்திசையில் அந்தப் பயன் கிட்டாது. அலைபரப்பியின் வலிமை சிறிது என்பதால் முழுத் தொலைவும் கேட்கும் என்று கொள்ளலாகாது. எனினும் உயரத்தின் பயன் இதனால் விளங்கும். தரையில் நடந்து தேடுபவருக்குச் சில கிலோமீட்டரில் மறையும் குரல், விமானத்தில் செல்பவருக்குப் பலமடங்கு தொலைவில் கேட்பதும் இதனாலேயே.

போடிமெட்டின் வழியே செல்லும் நெடுஞ்சாலை முன்பு கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைத்தது. அதன் ஒரு முனையில் வேம்பநாட்டு ஈரநிலம், மறுமுனையில் மன்னார் வளைகுடா. இரண்டும் கரைப்பறவைகள் கூடும் இடங்கள். இடையிலுள்ள உயரமான மலைகளின் சோலைக்காடுகளுக்கும் காட்டு உள்ளான் என்னும் வலசைப் பறவை குளிர்காலத்தில் வருகிறது. கரைப்பறவை என்ற பெயர் கடற்கரையை மட்டும் குறிப்பதன்று என்பதற்கு இது சான்று.

எடையின் கணக்கு

எந்தக் கருவியைப் பொருத்தலாம் என்பதைப் பறவையின் எடையே முடிவு செய்கிறது. கருவி பறவையின் உடல் எடையில் 3 முதல் 5 சதவிகிதத்திற்கு மேற்படலாகாது என்பது ஆய்வாளர் பின்பற்றும் விதி. ஏறக்குறைய 25 கிராம் எடையுள்ள கொசு உள்ளானுக்கு 3 சதவிகிதம் என்றால் முக்கால் கிராம்தான். ஏறக்குறைய 700 கிராம் எடையுள்ள பெரிய கோட்டானுக்கு அது 21 கிராம். செயற்கைக்கோளுடன் தொடர்பு கொள்ளும் கருவிகளுள் மிகச் சிறியவையும் இரண்டு கிராம் அளவில் இருப்பதால் பெரிய பறவைகளே அவற்றைச் சுமக்க இயலும்.

ஒளி அளவைப் பதிவு செய்யும் சிறு கருவி மற்றொன்று. அது ஒரு கிராமுக்கும் குறைவு. விடியலும் அந்தியும் நிகழும் நேரத்தைக் கொண்டு பறவை இருந்த இடத்தைக் கணிக்க அது உதவும். ஆனால் அதே பறவையை மறுபடி பிடித்தால்தான் பதிவைப் பெறமுடியும். மேலும் மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டி உலகெங்கும் பகலும் இரவும் ஏறத்தாழ சமமாக இருப்பதால் அப்போது வடக்கு தெற்கு நிலையைக் கணிப்பது கடினம். இளவேனில் வலசை தொடங்கும் காலமும் அதுவே என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். எனவே மிகச் சிறிய பறவைகளின் அன்றாட நகர்வை அறிய வானொலி அலைபரப்பி இன்றும் தேவைப்படுகிறது.

பசிபிக் கரையில் கிடைத்த விடை

இம்முறையின் ஆற்றலை நன்கு காட்டியது வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் 1990-களில் நடந்த ஆய்வு. கொசு உள்ளானை ஒத்த சிறு பறவையான மேற்கத்திய உள்ளானுக்கு ஒரு கிராம் அளவிலான அலைபரப்பிகள் ஒட்டப்பட்டன. சான்பிரான்சிஸ்கோ விரிகுடா முதலிய இடங்களில் விடப்பட்ட அப்பறவைகளை அலாஸ்காவிலுள்ள காப்பர் ஆற்றுக் கழிமுகம் வரை, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நெடுக, தரையிலிருந்தும் விமானத்திலிருந்தும் தேடினர். ஒவ்வோர் இடத்திலும் அவை சில நாள்களே தங்கின என்பதும், ஆங்காங்கே பிரிந்து தங்கிய பறவைகளுள் பெரும்பாலானவை காப்பர் ஆற்றுக் கழிமுகத்தில் வந்து கூடின என்பதும் தெரியவந்தன.

ஓரிடத்தில் ஒரு நாளில் காணப்படும் பறவைகளை எண்ணி, இங்கு இத்தனை பறவைகள் வாழ்கின்றன என்று எழுதினால் அது தவறாகக்கூடும் என்பதை இது உணர்த்தியது. இன்று காணும் பறவை நேற்றுக் கண்ட பறவை அன்று. பத்தாயிரம் பறவைகள் தங்கும் ஒரு கழிமுகம், பருவம் முழுவதிலும் அதைப்போலப் பன்மடங்கு பறவைகளுக்கு இரை அளித்திருக்கலாம். ஓர் இடத்தின் மதிப்பைக் கணிக்கத் தங்கிய எண்ணிக்கையோடு தங்கிய நாளும் தேவை. அந்த நாள்களை அளந்து தருவது அலைபரப்பியே.

கூந்தன்குளத்திலிருந்து இமயம் வரை

பெரிய பறவைகளுக்குச் செயற்கைக்கோள் வழியே பின்தொடரும் வசதி, 1978-இல் ஆர்கோஸ் அமைப்பு தொடங்கியதிலிருந்து படிப்படியாக வளர்ந்தது. தமிழ்நாட்டுக்கு அண்மையான சான்று திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் ஆகும். அங்கும் ஒடிசாவின் சிலிகா ஏரியிலும் குளிர்காலத்தில் தங்கிய வரித்தலை வாத்துகளுக்குக் கருவிகள் பொருத்தப்பட்டன. அவற்றிலிருந்து பெற்ற செய்திகள் 2011-இல் வெளிவந்தன. இளவேனிலில் அவை இமயத்தின் தெற்குச் சரிவிலிருந்து திபெத்தியப் பீடபூமிக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் ஏறிச் சென்றதும், பகலில் மேல்நோக்கி வீசும் காற்றை நம்பாமல் காற்று அடங்கிய இரவிலும் விடியற்காலையிலும் பறந்ததும் அறியப்பட்டன. இலங்கையின் மன்னாரில் 2021-இல் கருவி பொருத்தப்பட்ட ஒரு கடற்காகம் ஆர்க்டிக் வட்டாரம் வரை சென்று, அதே ஆண்டில் மன்னாருக்கே திரும்பியது. இவை கரையில் நடந்து இரைதேடும் சிறு பறவைகள் அல்ல. எனினும் தென்முனையில் குளிர்காலத்தைக் கழிக்கும் பறவைகளின் வழியை முழுமையாக வரைய முடியும் என்பதை மெய்ப்பித்தன.

மஞ்சள் கடல் தரும் பாடம்

இடைப்பட்ட இடம் அழிந்தால் நேர்வது என்ன என்பதை மஞ்சள் கடல் காட்டியது. 2007-இல் நியூசிலாந்தில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஈ7 என்னும் பட்டைவால் மூக்கன், இளவேனிலில் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டரை இடைநில்லாமல் கடந்து, சீன வடகொரிய எல்லையிலுள்ள யாலு கழிமுகத்தில் இறங்கியது. அங்குச் சில வாரங்கள் இரையுண்டு உடலைத் தேற்றிக்கொண்ட பின்னரே அலாஸ்காவுக்குச் சென்றது. கோடை முடிவில் அதே பறவை அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு 11,680 கிலோமீட்டரை ஒரே பயணமாக எட்டு நாள்களில் கடந்தது. தெற்கே திரும்புகையில் நில்லாமல் பறக்கும் பறவைக்கும் வடக்கே செல்கையில் ஒரு தங்குமிடம் தேவைப்பட்டது. ஆர்க்டிக் கோடை மிகக் குறுகியது. காலம் தாழ்ந்தோ உடல் மெலிந்தோ சென்றடையும் பறவையால் அவ்வாண்டு குஞ்சு பொரிக்க இயலாது.

அந்த மஞ்சள் கடலின் ஓதச் சேற்று நிலங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஐம்பது ஆண்டுகளில் அழிந்துவிட்டதாக 2014-இல் வெளியான ஆய்வு கணித்தது. தென்கொரியாவின் சேமங்கும் பகுதியில் 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் 2006-இல் கட்டி முடிக்கப்பட்டபின் அங்குத் தங்கிய பெரிய நாட் என்னும் உள்ளானின் எண்ணிக்கை வீழ்ந்தது. ஆஸ்திரேலியக் கரையிலும் அது குறைந்தது. ஆஸ்திரேலியா தன் கரையை எவ்வளவு நன்றாகக் காத்திருந்தாலும் அந்த இழப்பைத் தடுத்திருக்க இயலாது. இத்தகைய சான்றுகள் வீண்போகவில்லை. மஞ்சள் கடலின் சீனக் கரைப்பகுதிகள் 2019-இலும் தென்கொரியச் சேற்று நிலங்கள் 2021-இலும் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

பொது முதலீட்டின் நோக்கில்

பொருளாதார நோக்கில் வலசைப் பறவை ஒரு பொதுநலப் பொருள். அதைக் காப்பதன் பயன் பல நாடுகளுக்குப் பரவுகிறது; காப்பதன் சுமையோ குறிப்பிட்ட இடத்தில் வாழும் சிலர்மீது விழுகிறது. கோடியக்கரையில் அந்தச் சிலர் உப்பளத் தொழிலாளரும் மீனவரும் ஆவர். வேதாரண்யத்தில் உப்பு ஒரு தொழில் மட்டுமன்று. 1930-ஆம் ஆண்டின் உப்புச் சத்தியாக்கிரகத்தால் வரலாற்றில் இடம்பெற்ற வாழ்க்கைமுறையும் ஆகும்.

பறவை குறைந்ததற்குக் காரணம் எங்கே என்று அறியாமல் கட்டுப்பாடு விதித்தால், அதன் முழுச் சுமையும் இம்மக்களையே சாரும். குறை உண்மையில் மத்திய ஆசியாவின் வற்றிய ஏரி ஒன்றில் இருக்குமாயின் அவர்கள் இழந்ததும் வீண். பறவைக்குக் கிடைத்ததும் ஒன்றுமில்லை. மாறாக, கோடியக்கரையில் போதிய இரையின்றி மெலிந்த நிலையில் பறவைகள் புறப்படுகின்றன என்று தெரியவந்தால், எந்தச் சதுப்பில், எந்த மாதத்தில், எவ்வளவு நீர் தேவை என்று வரையறுக்கலாம். ஆண்டு முழுவதற்கும் எங்கும் தடை என்பதற்குப் பதிலாக, மார்ச், ஏப்ரல் மாதங்களில் குறிப்பிட்ட நீர்நிலைகளில் மட்டும் நீர்மட்டத்தைப் பேணுதல் போன்ற அளவான நடவடிக்கை போதுமானதாக இருக்கக்கூடும். கருவிக்காகச் செய்யும் செலவு இத்தகைய நீதியான பங்கீட்டுக்குச் செய்யும் செலவாகும்.

நாகாலாந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2012-இல் தொயாங் நீர்த்தேக்கப் பகுதியில் அமூர் வல்லூறுகள் பெருமளவில் கொல்லப்பட்ட செய்தி வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஊர்மக்கள், திருச்சபை, அரசு ஆகியோரின் கூட்டு முயற்சியால் அந்த வேட்டை நின்றது. அதே 2013-இல் இந்திய வனவிலங்கு நிறுவனத்தினர் ஹங்கேரி நாட்டு வல்லுநர்களின் துணையுடன் மூன்று பறவைகளுக்குக் கருவி பொருத்தினர். அவற்றுக்கு நாகா, வோக்கா, பாங்டி என்று அவ்வட்டாரப் பெயர்களே இடப்பட்டன. அப்பறவைகள் அரபிக்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா சென்று திரும்பியதை அறிந்தபோது, தங்கள் ஊரில் சில வாரங்கள் தங்கும் பறவையின் பயணம் எத்தகையது என்பது மக்களுக்குக் கண்கூடாயிற்று.

இந்தியாவின் பொறுப்பு

வலசை விலங்குகளுக்கான பான் உடன்படிக்கை 1979-இல் உருவானது. இந்தியா 1983-இல் அதில் சேர்ந்தது. மத்திய ஆசிய வலசை வழி 30 நாடுகளை உள்ளடக்கியது. 182 இன நீர்ப்பறவைகளுக்கு உரியது. அவ்வழிக்கான தேசியச் செயல்திட்டத்தை இந்தியா 2018-இல் வெளியிட்டது. உடன்படிக்கையின் பதின்மூன்றாவது மாநாடு 2020 பிப்ரவரியில் காந்திநகரில் நடைபெற்றது. 2024-இல் சமர்கண்டில் நடந்த மாநாட்டில் இவ்வழிக்கான கூட்டு முயற்சியும், இந்தியாவில் அதன் ஒருங்கிணைப்புப் பிரிவும் ஏற்கப்பட்டன. அதே ஆண்டில் வளைமூக்கு உள்ளான் உலக அளவில் அழியும் வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பறவையைப் பிடிக்க 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முன்அனுமதி வேண்டும். அலைவரிசையைப் பயன்படுத்தத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும். இளவேனில் வலசை சில வாரங்களே நீடிப்பது. அனுமதி காலந்தாழ்ந்தால் ஓராண்டு ஆய்வே கைநழுவும் என்பதைத் தொடர்புடைய அலுவலர்கள் நினைவிற் கொள்வது நலம். கனடாவில் தொடங்கிப் பல நாடுகளுக்கும் பரவியுள்ள மோட்டஸ் அமைப்பில் ஒரே அலைவரிசையில் இயங்கும் தானியங்கி ஏற்பிகள் கோபுரங்களில் பொருத்தப்பட்டு, கடந்து செல்லும் பறவைகளைப் பதிவு செய்கின்றன. நம் கடற்கரையில் ஏற்கெனவே நிற்கும் கலங்கரை விளக்கங்களும் வானிலைக் கோபுரங்களும் இத்தகைய பணிக்கு ஏற்ற உயரம் உடையவை.

கணக்கெடுப்பு குறைவைத் தெரிவிக்கிறது. வளையம் பயணத்தின் இரு முனைகளைக் காட்டுகிறது. அலைபரப்பி இடைப்பகுதியை விளக்குகிறது. மூன்றும் சேர்ந்தால்தான், எந்த நாடு எதைச் செய்ய வேண்டும், எந்த ஊர் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு நேர்மையான விடை கிடைக்கும். கடைமடையில் வாழும் உழைப்பாளிக்கும் கடல் கடந்து வரும் பறவைக்கும் ஒருங்கே நீதி செய்ய விரும்பும் திட்டம், வழி முழுவதையும் அறிந்த பின்னரே வகுக்கப்பட வேண்டும்.